கேரியின் ஒரு நாளும் வார்டின் ஒரு நாளும்

மிஷனெரிகளை நினைவுகூரும் ஞாயிறுகளில் நம் பிரசங்க பீடங்களிலிருந்து தவறாமல் எடுத்துரைக்கப்படும் கடிதம் ஒன்று உண்டு. வில்லியம் கேரி 1806ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தமது ஒரு நாளின் அலுவல்களை வரிசைப்படுத்தி இங்கிலாந்துக்கு எழுதிய கடிதமே அது. காலை ஆறு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே எழுகிறார். எபிரெய வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசிக்கிறார். ஏழு மணி வரை தனிஜெபம். பின்பு வேலையாட்களோடு வங்கமொழியில் குடும்ப ஜெபம். தேநீர் ஆயத்தமாகும்வரை முன்ஷியுடன் பாரசீகம், காலை உணவுக்கு முன் இந்துஸ்தானியில் ஒரு வேதபகுதி. உணவு முடிந்த கையோடு பண்டிதர் ஒருவரை வைத்துக்கொண்டு சமஸ்கிருத இராமாயணத்தை மொழிபெயர்க்க அமர்கிறார். பத்து மணிக்கு வில்லியம் கோட்டைக் கல்லூரி. திரும்பி வந்ததும் எரேமியா நூலின் வங்க அச்சுப்படியைத் திருத்துகிறார். பகல் உணவுக்குப் பின் மத்தேயு எட்டாம் அதிகாரத்தின் பெரும்பகுதி சமஸ்கிருதத்தில் உருப்பெறுகிறது. ஆறு மணிக்குமேல் தெலுங்குப் பண்டிதரிடம் தெலுங்கு கற்கிறார். ஏழரை மணிக்கு ஏறக்குறைய 40 பேருக்கு ஆங்கிலத்தில் பிரசங்கம். கூட்டம் கலைந்தபின் எசேக்கியேல் பதினோராம் அதிகாரத்தை வங்கமொழியில் ஆக்குகிறார். இவையெல்லாம் முடிந்தபிறகே அந்தக் கடிதத்தை எழுதுகிறார். கடிதம் முடிந்ததும் கிரேக்க ஏற்பாட்டில் ஓர் அதிகாரம் வாசித்துவிட்டுப் படுக்கைக்குச் செல்லவிருக்கிறார்.

இக்கடிதத்தை நாமும் பிரசங்கித்திருக்கிறோம். நம் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், ஒரு கிராமச் சபையில், மேற்கண்ட அலுவல்களை மணிக்கணக்குப்படி சொல்லிக்கொண்டே வந்து, இறுதியில் சபையாரின் சோம்பலைக் கடிந்துகொண்டோம். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, உபதேசியார் ஒருவரின் விதவை நம்மை வணங்கிவிட்டு, "ஐயா, அவர் செஞ்சது எல்லாம் சரிதான். அன்னைக்கு அந்த ஐயரம்மா என்ன செஞ்சிட்டு இருந்தாங்க?" என்று கேட்டார். நமக்கு விடை தெரியாது. ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பிவிட்டோம். பின்னர் மிஷன் சரித்திரம் கற்பிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தபோதுதான், அந்த அம்மையார் கேட்டது ஒரு சாதாரண விசாரிப்பு அன்று, சரித்திர ஆசிரியர் எவரும் முதலாவது கேட்டிருக்கவேண்டிய வினா என்பது விளங்கிற்று. இக்கட்டுரை அவருக்கு நாம் செலுத்தவேண்டிய பழைய கடன்.

முதலாவது கவனிக்கவேண்டியது, கடிதம் எழுதப்பட்ட இடம். நம்மில் பலருடைய பட்டச் சான்றிதழில் செராம்பூர் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கேரி என்றவுடன், ஹூக்ளி நதிக்கரையிலுள்ள அவ்வூரையும், அதன் பெரிய தூண்களையுடைய கல்லூரிக் கட்டடத்தையும் மனக்கண்முன் கொண்டுவருகிறோம். இந்த நாளும் அங்கேயே கழிந்ததென்று எண்ணிக்கொள்கிறோம். உண்மை அவ்வாறன்று. 1801 முதல் கேரி வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியர். வாரத்தின் நடுநாட்களைக் கல்கத்தாவில் கழித்துவிட்டு, வார இறுதியில் படகேறிச் செராம்பூருக்குத் திரும்புவது அவர் வழக்கம். கடிதம் கல்கத்தாவில் எழுதப்பட்டது. நாம் போற்றும் அந்த நாள், ஒரு மனிதர் தம் மனைவி மக்களைவிட்டு விலகி, வேறோர் ஊரில், வேலையாட்களும் பண்டிதர்களும் புடைசூழக் கழித்த நாள். குழந்தை அழாத நாள், சபையார் வழக்குகளோடு வந்து நிற்காத நாள். அதைச் செராம்பூரின் அன்றாட வாழ்வென்று காட்டுவது பிழை.

இப்பிழைக்குக் கேரி பொறுப்பாளியல்லர். அவர் தாம் எங்கே இருந்தார் என்பதை மறைக்கவில்லை. நண்பர் ஒருவருக்கு, தம்மால் அடிக்கடி கடிதம் எழுத இயலாமைக்குக் காரணம் காட்டவே அலுவல்களை அடுக்கினார். சமாதானம் சொல்லும் கடிதத்தைப் பரிசுத்த வாழ்வின் கால அட்டவணையாக மாற்றியவர்கள் நாமே. நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் அதைத் தாளில் எழுதி விடுதிச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். மூன்று வாரத்தில் தாள் கிழிக்கப்பட்டது. அதன்பின் பல மாதங்கள் அவர் தம்மை ஊழியத்துக்குத் தகுதியற்றவராகக் கருதி வருந்தினார் என்பது நாம் பிற்பாடு அறிந்தது.

செராம்பூரின் நாள் எப்படியிருந்தது என்பதற்கு வேறொரு சாட்சி உண்டு. அதை எழுதியவர் வில்லியம் வார்ட். அச்சுத்தொழில் கற்றவர், பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். கவனித்ததைக் கவனித்தபடி எழுதும் பழக்கமுடையவர். 1800ஆம் ஆண்டில், மிஷனெரிகள் செராம்பூரில் குடியேறிய முதல் ஆண்டிலேயே, தங்கள் நாளைச் சுருக்கமாக வரைந்திருக்கிறார். ஆறு மணியளவில் எழுகிறார்கள். கேரி தோட்டத்துக்குப் போகிறார். மார்ஷ்மன் ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போகிறார். வார்டும் பிரன்ஸ்டனும் கேரியின் மூத்த மகன் பீலிக்ஸும் அச்சுக்கூடத்துக்குப் போகிறார்கள். எட்டு மணிக்கு மணியடிக்கிறது. எல்லாரும் கூடத்தில் கூடிப் பாடி, வாசித்து, ஜெபித்துவிட்டு உணவருந்துகிறார்கள். எழுத்துக் கோப்பவர் வேலையைவிட்டுப் போய்விட்டதால் தாங்களே அவ்வேலையைச் செய்துகொள்கிறார்கள் என்பதையும், அச்சு இயந்திரத்தில் ஐந்துபேர், தாள் மடிக்க ஒருவர், கட்டடம் செய்ய ஒருவர் இருக்கிறார்கள் என்பதையும் குறிக்கிறார். பன்னிரண்டு மணிக்குச் சிற்றுண்டி. அதன்பின் பெரும்பாலோர் முகம் மழித்து, குளித்து, வாசித்து, சற்றே உறங்குகிறார்கள். மூன்று மணிக்குப் பகல் உணவு. உணவுக்குப்பின் ஒரு வசனத்தையோ கேள்வியையோ எடுத்துக்கொண்டு உரையாடுகிறார்கள். ஏழு மணிக்குத் தேநீர். இரவு உணவு இல்லை என்றே சொல்லலாம். வியாழன் மாலை தங்கள் ஆத்தும அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம். சனி மாலை, தங்களுக்குள் எழுந்த மனஸ்தாபங்களைத் தீர்த்துக்கொள்ளும் கூட்டம்.

முந்திய கடிதத்தில் எல்லா வினைகளுக்கும் எழுவாய் ‘நான்’. இங்கே ‘நாங்கள்’. முந்தியதில் தூக்கமில்லை; இங்கே நண்பகலில் உறங்குகிறார்கள். (கீழ்த்தேச வெயிலில் பகல் உறக்கத்தைப் பாவமென்று எண்ணும் நம் விடுதிக் காப்பாளர்கள் இதைக் கவனிப்பார்களாக.) முந்தியதில் எல்லாம் நிறைவேறுகிறது, இங்கே எழுத்துக் கோப்பவர் வேலையைவிட்டுப் போய்விடுகிறார். சனிக்கிழமைதோறும் ஒருவர்மேல் ஒருவருக்கு மனக்குறை எழும் என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்டு, அதற்கென்று ஒரு மாலையை ஒதுக்கி வைத்த சமூகம் இது. நம் குருசேகரக் கமிட்டிகளில் எதிலாவது அப்படியொரு மாலை உண்டா என்று எண்ணிப்பார்க்கிறோம்.

இந்தப் பொதுவாழ்வின் உள்ளமைப்பு எளிமையானது. குடும்பங்கள் எல்லாம் ஒரே வளாகத்தில் வாழ்ந்தன. பந்தி ஒன்று, பணப்பெட்டி ஒன்று. மாதத்துக்கு ஒருவராக முறைவைத்து மேற்பார்வை செய்தார்கள். எவரும் தமக்கென்று வியாபாரம் செய்யக்கூடாது. கேரிக்குக் கல்லூரியில் தொடக்கத்தில் கிடைத்த மாதம் 500 ரூபாயும், மார்ஷ்மன் தம்பதியர் நடத்திய உண்டுறைப் பள்ளிகளின் வருமானமும், அச்சுக்கூடத்தின் ஆதாயமும் அந்தப் பெட்டிக்கே போயின. 1805இல் அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை இவ்வொழுங்கை எழுத்தில் வடித்து, ஒவ்வொரு நிலையத்திலும் ஆண்டுக்கு மூன்று முறை வாசிக்கப்படவேண்டும் என்றும் விதித்தது.

பந்தி என்ற சொல் நம் சபைகளின் சரித்திரத்தில் எவ்வளவு பாரமானது என்பதை வாசகர் அறிவர். 1800ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் தச்சரான கிருஷ்ண பாலும் அவருடைய நண்பர் கோகுலும் மிஷனெரிகளோடு அமர்ந்து உண்டார்கள். அதனாலேயே சாதியை இழந்தார்கள். கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது அதற்கு ஆறு நாள் கழித்து, 28ஆம் நாளில். ஹூக்ளி நதியில், பீலிக்ஸ் கேரியோடு. நம் நூல்கள் நதியைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. பந்தியைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. ஊரார் கொதித்தெழுந்ததோ ஞானஸ்நானத்துக்கு முன்பே, உணவின் நிமித்தமாகவே. வார்டின் பதிவில் மூன்று மணிப் பகலுணவு என்று சாதாரணமாக வரும் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

ஆயினும் வார்டின் பதிவையும் நாம் குறையற்றதாகக் கொள்ள இயலாது. அதில் பெயர் சுட்டப்படும் பெண் ஒருவரே, ஹன்னா மார்ஷ்மன். அதுவும் பள்ளி நடத்தியதால். அச்சு இயந்திரத்தில் நின்ற ஐந்துபேருக்கும் பெயரில்லை. வங்க எழுத்துகளை வெட்டித் தந்த பஞ்சானன் கர்மகாரும், அவர் மருமகன் மனோகரும் இல்லாமல் செராம்பூரின் அச்சுக்கூடமே இல்லை. கேரியின் கடிதத்திலும் இதே நிலைதான். அவர் படுக்கையறையைவிட்டு வெளியே வரும்போது முன்ஷி காத்திருக்கிறார். உணவு முடியும்போது பண்டிதர் காத்திருக்கிறார். மாலையில் தெலுங்குப் பண்டிதர். கல்லூரித் தலைமைப் பண்டிதர் என்று பதவியால் மட்டும் ஒருவர் குறிக்கப்படுகிறார். அந்நாளில் அப்பதவியில் இருந்தவர் மிருத்யுஞ்சய் வித்யாலங்கார். வங்க உரைநடையின் தொடக்க ஆசிரியர்களுள் தலைசிறந்தவர். ஒருவர் ஒரே நாளில் இத்தனை மொழிகளில் உழைத்தார் என்று வியக்கிறோம். ஒவ்வொரு மொழிக்கும் ஒருவர் வாசலில் காத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், வியப்பு குறையாது. அதில் பங்குபெற வேண்டியவர்களுக்கும் பங்கு கிடைக்கும்.

இனி அந்த அம்மையாரின் கேள்விக்கு வருகிறோம்.

டாரத்தி கேரி தம் கணவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர். 1781இல் திருமணப் பதிவேட்டில் கையொப்பத்துக்குப் பதிலாகக் கீறலிட்டவர்; எழுத அறியாதவர். இந்தியாவுக்கு வர அவருக்கு விருப்பமில்லை. கப்பல் தாமதமாகி, கைக்குழந்தையோடு இருந்தவரை மீண்டும் வந்து வற்புறுத்தியபோது, தம் சகோதரி உடன்வருவதானால் வருவதாக இசைந்தார். 1793இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். மறு ஆண்டு, ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பால் இறந்தான். சவப்பெட்டி செய்யவும், குழி வெட்டவும், தூக்கிச் செல்லவும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. அதற்குப்பின் டாரத்தியின் மனம் சிதைந்தது. 1807ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இறக்கும்வரை, பன்னிரண்டு ஆண்டுகள், அந்நிலையிலேயே வாழ்ந்தார். கேரி பெரும்பாலும் கல்கத்தாவில் இருந்த ஆண்டுகளில் அவர் செராம்பூரில், பூட்டப்பட்ட அறையில் இருந்தார். 1806 ஜூனில் அந்த ஐயரம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு இதுவே விடை.

இதைச் சரித்திர நூல்கள் முற்றிலும் மறைத்தன என்று சொல்வது நியாயமாகாது. 1859இல் மூவரின் வாழ்வையும் எழுதிய ஜான் கிளார்க் மார்ஷ்மனும், 1885இல் கேரியின் வாழ்வை எழுதிய ஜார்ஜ் ஸ்மித்தும் இதைக் குறிப்பிடத்தான் செய்கிறார்கள். எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்பதிலேயே நமக்கு வழக்கு. அடுத்த அறையில் மனைவியின் கூக்குரல் எழும்பிக்கொண்டிருக்க, அவர் கலங்காமல் மொழிபெயர்த்தார் என்ற பாணியில் மிஷன் இலக்கியம் எழுதுகிறது. அவரது பொறுமையை நிறுக்கும் எடைக்கல்லாக அப்பெண் வைக்கப்படுகிறாள். அவளுக்கு நேர்ந்தது என்ன என்று கேட்க, ஜேம்ஸ் பெக் 1992இல் டாரத்தியைப் பற்றித் தனிநூல் எழுதும்வரை ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு கழிந்தது. நம் தமிழ்க் கைப்பிரதிகளிலோ, அவரைக் கேரியின் ‘முள்’ என்று குறிப்பிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஒரு குழந்தையை அந்நிய மண்ணில் புதைத்த தாயை அப்படி அழைக்க எந்தப் போதகருக்கும் நா எழலாகாது.

கேரியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. மனநோய்க்கு மருந்தும் அறிவும் இல்லாத காலம் அது. அவர் மனைவியைத் தம் வீட்டிலேயே வைத்திருந்தார். தம் வேதனையைக் கடிதங்களில் மறைக்கவுமில்லை. ஆனால் அவர் கல்கத்தாவில் இருந்த நாட்களில் அந்த வீட்டை நடத்தியவர் யார்? தாயின் கவனிப்பும் தந்தையின் கண்டிப்பும் இன்றி வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளைத் திருத்தியவர்கள் ஹன்னா மார்ஷ்மனும் வார்டுமே. ஹன்னா 1800 முதல் பள்ளி நடத்தினார், தம் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார், பலரைப் புதைத்தார், பொதுப்பந்திக்குப் பொறுப்பேற்றார். கேரி மென்மையானவர், தீமையைக் கண்டு வருந்துவாரேயன்றிக் கண்டிக்க இயலாதவர் என்பது அவருடைய மதிப்பீடு. நாம் வாசித்தவற்றுள் கேரியைப் பற்றிய மிக நேர்மையான விமரிசனம் இதுவென்றே கருதுகிறோம். அன்றாடம் அவரோடு உண்டவர் சொன்னதல்லவா?

1812ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் மாலை அச்சுக்கூடம் தீப்பற்றி எரிந்தபோதும் கேரி கல்கத்தாவில்தான் இருந்தார். தீயோடு போராடியவர்கள் வார்டும் மார்ஷ்மனும். மறுநாள் மார்ஷ்மன் போய்ச் செய்தி சொன்னார். சாம்பலைக் கிளறி, எழுத்து வார்ப்பதற்குரிய எஃகு அச்சுகள் சேதமடையாமல் கிடப்பதைக் கண்டெடுத்தவர் வார்ட். நம் பிரசங்கங்களில் இத்தீயும் ‘கேரியின் சோதனை’யாகவே வருகிறது.

இந்தப் பொதுவாழ்வு பின்னாளில் என்னவாயிற்று என்பதையும் மாணவர் அறியவேண்டும். 1812க்குப் பின் இங்கிலாந்திலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். கேரியின் அண்ணன் தம்பி உறவில் மகனான யூஸ்டஸ் கேரி, வில்லியம் யேட்ஸ் முதலியோர். அப்போதுதான் முதல் மூவரும் ‘மூத்தவர்கள்’ ஆனார்கள். இளையவர்கள் மூத்தவர்களின், சிறப்பாக மார்ஷ்மனின், போக்கைப் பொறுக்கமாட்டாமல் கல்கத்தாவில் தனியாக இயங்கத் தொடங்கினார்கள். சொத்து யாருடையது என்ற வழக்கு தாய்ச் சங்கத்தோடு எழுந்தது. 1827இல் செராம்பூர் அச்சங்கத்தைவிட்டே பிரிந்தது. மூத்தவர்களுக்குச் சார்பாக எழுதிய ஜான் கிளார்க், மார்ஷ்மனின் மகன் என்பதை மறவாமல் அந்நூலை வாசிக்கவேண்டும். இருதரப்பிலும் நியாயமுண்டு. எனினும் நமக்குத் தோன்றுவது இது: 1800இல் அந்தப் பந்தியை அமைத்தவர்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து இறங்கியவர்கள், கிராண்ட், பவுண்டன், பிரன்ஸ்டன், தாமஸ் என்று இரண்டே ஆண்டுகளில் நால்வரைச் சேர்ந்து அடக்கம் செய்தவர்கள். ஒழுங்குகள் அத்துயரத்திலிருந்து பிறந்தவை. பின்வந்தவர்களுக்கோ அது மற்றவர்கள் போட்டுவைத்த பந்தி. சனிக்கிழமை மாலைக் கூட்டம் வகுத்தவர்களுக்கு உதவிற்று. பின்வந்தவர்களை அணைத்துக்கொள்ளும் அளவுக்கு அது விரியவில்லை. மூத்த ஆயரும் உதவி ஆயரும் ஒரே வளாகத்தில் வாழும் நம் குருசேகரங்களில் இதைக் கண்ணெதிரே காண்கிறோம்.

வார்ட் 1823 மார்ச்சில் வாந்திபேதியால் இறந்தார். அதன்பின் எஞ்சிய இரு முதியவர்களும் ஹன்னாவும் செராம்பூரில் வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி நம் நூல்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. அதே ஆண்டின் வெள்ளம் கேரியின் வீட்டையும் தோட்டத்தையும் பாழாக்கிற்று; முதியவர் தோட்டத்தை மறுபடியும் நட்டார். 1830களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் வணிக நிலையங்கள் முறிந்தபோது மிஷனின் பணமும் போயிற்று. வங்க வேதாகமத்தின் கடைசித் திருத்தத்தை முடித்தபின் கேரியால் அதிகம் உழைக்க இயலவில்லை. நடக்கவியலாத நாட்களில் சக்கர நாற்காலியில் தோட்டத்தைச் சுற்றி வருவார். அந்நாட்களின் கால அட்டவணையை எவரும் சுவரில் ஒட்டுவதில்லை.

மிஷன் சரித்திரப் பாடத்தில் இவ்வாண்டு முதல் 1806ஆம் ஆண்டுக் கடிதத்தோடு 1800ஆம் ஆண்டுப் பதிவையும் சேர்த்தே கற்பிக்கிறோம். டாரத்தியின் வாழ்வை மூன்றாவது பாடமாக வைக்கிறோம். முதல் வகுப்பில் ஒரு மாணவர், "அப்படியானால் இனி கேரியைப் பற்றி என்ன பிரசங்கிப்பது ஐயா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னோம். இறுதி நாட்களில் ஒருநாள் கேரி மனம் சோர்ந்து, தாம் போனபின் சகோதரர் மார்ஷ்மன் தோட்டத்துக்குள் பசுக்களை ஓட்டிவிடுவார் என்று வருந்தினார். செடிகொடிகளில் அவ்வளவு நாட்டமில்லாத மார்ஷ்மன், முப்பத்துநான்கு ஆண்டுகள் அதே வளாகத்தில் அவரோடு வாழ்ந்தவர், அந்தத் தோட்டத்தைக் காப்பதைத் தம் புனிதக் கடமையாகக் கொள்வதாக வாக்களித்தார். கேரி 1834ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் இறந்தார். மார்ஷ்மன் அதற்குப்பின் மூன்றரை ஆண்டுகள் வாழ்ந்தார். ஹன்னா 1847 வரை இருந்தார்.